மாரிப் கோயிலின் காணிக்கைக் கற்கள்

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்லின் படத்தைக் கண்டேன். அதன் மேற்பரப்பிலே பாதங்களின் அளவில் இரண்டு குழிகள் இருந்தன. யாரோ பெரியோர் ஒருவரின் திருவடிப் பீடம் போலும் என்று எண்ணிக்கொண்டேன். அவை அடிச்சுவடுகள் அல்ல, வெண்கலச் சிலையொன்றைப் பொருத்திய இடங்கள் என்று பின்னரே அறிந்தேன். சிலை மறைந்துவிட்டது, அதைக் கொடுத்தவரின் சொல் மட்டும் பீடத்தின் முகப்பில் நிற்கின்றது.

அக்கல் ஏமன் நாட்டு மாரிபைச் சேர்ந்தது. மாரிப், நறும்புகைப் பிசின் வாணிகத்தால் செழித்த பண்டைச் சபா அரசின் தலைநகர். அதன் தெற்கே, சபா மக்களின் பெருந்தெய்வமாகிய அல்மகாவுக்கு எடுத்த அவாம் கோயில் இருந்தது. 1951-லும் 1952-லும் வெண்டெல் பிலிப்ஸ் தலைமையில் அமெரிக்கக் குழுவொன்று அங்கே அகழ்ந்தது. மணல் மூடியிருந்த கற்கள் வரிசை வரிசையாக வெளிப்பட்டன. அவற்றின் எழுத்துக்களை ஆல்பர்ட் ஜாம் என்னும் அறிஞர் படித்து 1962-இல் நூலாக வெளியிட்டார்.

அவ்வெழுத்தின் பெயர் முஸ்னத். அதில் 29 எழுத்துக்கள் உண்டு, அனைத்தும் மெய்யெழுத்துக்களே. ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் இடையே நேர்க்கோடு ஒன்று நிற்கும். 'காணிக்கையாகக் கொடுத்தான்' என்னும் சொல்லை நம் புள்ளியெழுத்தில் எழுதினால், ஹ், க், ன், ய் என்று நான்கே எழுத்துக்களில் அடங்கிவிடும்.

இக்கல்வெட்டுக்களின் அமைப்பு எளியது. முதலில் கொடுத்தவர் பெயரும் குலமும் வரும். அடுத்து, அவாமின் தலைவனாகிய அல்மகாவுக்கு இவ்வெண்கலச் சிலையைக் கொடுத்தார் என்ற செய்தி. அதன்பின் காரணம். நோயினின்று காத்தமைக்காக ஒருவர் கொடுத்தார், போரிலிருந்து நலமே மீண்டமைக்காக மற்றொருவர், மகப்பேற்றுக்காக வேறொருவர். மகளிரும் கொடுத்திருக்கின்றனர். இறுதியில், இனியும் உடல்நலமும் நல்விளைவும் மன்னரின் அருளும் தருக, பகைவரின் தீங்கை விலக்குக என்று வேண்டி முடிப்பர். நேர்த்திக்கடன் செலுத்தியவர் மனம் இது என்பதை உணர நமக்கு உரை வேண்டுமோ?

மன்னர் வரலாற்றை வெற்றித் தூண்களில் தேடுகின்றோம். குடிமக்களின் அச்சமும் நன்றியும் எங்கே கிடைக்கும்? காய்ச்சல் நீங்கிய ஒருவரின் பெருமூச்சு எந்த அரச வரலாற்றில் ஏறும்? இப்பீடங்களில் ஏறியுள்ளது. இவற்றை நான் மதிப்பது இதனாலேயே.

கி.பி. 4-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அந்நாட்டு மன்னர்கள் ஒரே கடவுள் வழிபாட்டுக்கு மாறினர். அல்மகாவுக்குக் காணிக்கை செலுத்தும் வழக்கமும் மறைந்தது. வெண்கலம் மீண்டும் உருக்கத்தக்க பொருள். ஆதலின் சிலைகளுள் தப்பியவை சிலவே. அவாமிலே கிடைத்த, சிங்கத்தோல் போர்த்திய மஅத்கரிப் என்பாரின் சிலை அவற்றுள் ஒன்று. பீடக் கல்லை உருக்க இயலாது. அதனால் அது நின்றது.

2023-இல் யுனெஸ்கோ நிறுவனம் மாரிபின் பண்டைச் சின்னங்களை உலகப் பாரம்பரியப் பட்டியலிலும், போரின் காரணமாக ஆபத்துக்குள்ளானவற்றின் பட்டியலிலும் ஒருங்கே சேர்த்தது. பகைவரின் தீங்கை விலக்குக என்று வேண்டிய கற்களுக்கே இன்று அவ்வேண்டுதல் தேவைப்படுகின்றது. அவை சிதையுமாயின், விலையுயர்ந்த காணிக்கை போன வழியிலேயே அதைக் கொடுத்த எளிய மனிதரின் பெயரும் போய்விடும்.