வண்டி முந்தும், வழி பிந்தும்

ஜொகூர் மண்ணில் போடப்பட்ட முதல் ரயில் பாதையைக் கறையான் தின்றது. 1869-இல் மகாராஜா அபு பக்கார், ஜொகூர் பாருவிலிருந்து குனோங் பூலாய் மலையை நோக்கிப் பாதை போடத் தொடங்கினார். இரும்பைக் கடல் தாண்டித் தருவிக்க வேண்டும். மரமோ கூப்பிடு தூரத்தில் காடாக நின்றது. மரம் அறுக்க நீராவி ஆலையும் ஊரிலேயே இருந்தது. எனவே தண்டவாளத்தையே மரத்தில் செய்வது என்று முடிவாயிற்று. பாதை மைல்கணக்கில் நீளவும் செய்தது. ஆனால் வெப்பமண்டல மழையும் கறையானும் மரத்தை அரித்துக்கொண்டே இருந்ததால் பழுது பார்த்து மாளவில்லை. கடைசியில் திட்டம் கைவிடப்பட்டது.

ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகு, அதே ஜொகூரின் வடகோடியில், வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையின் தங்காக் பகுதியில் இன்னொரு தொடக்கம் நிகழ்ந்தது. 2022-இல் அங்குள்ள ஷெல் பெட்ரோல் நிலையத்தில் 180 கிலோவாட் விரைவு சார்ஜர் இயங்கத் தொடங்கியது. சிங்கப்பூரில் கிளம்பும் மின்சாரக் கார் பினாங்கு வரை தடையில்லாமல் போய்ச் சேர வேண்டும் என்று ஷெல்லும் போர்ஷேயும் 2021-இல் அறிவித்த வரிசையில் அது ஒன்று. அப்போது ஐந்து நிமிடத்துக்கு 20 ரிங்கிட் கட்டணம். செயலி வழியே முன்பதிவு. நெடுஞ்சாலையில் மின்சாரக் காரை நம்பி ஏறலாம் என்ற துணிச்சல் பலருக்கு அதற்குப் பிறகுதான் வந்தது.

மரத் தண்டவாளத்தையும் மின்சார சார்ஜரையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், ஜொகூரின் போக்குவரத்து வரலாற்றில் திரும்பத் திரும்ப விழும் ஒரு முடிச்சு தெரிகிறது. வண்டி எப்படியோ வந்துவிடுகிறது. அது ஓட வேண்டிய தரையும், அதை ஓட்ட வேண்டிய சக்தியும், அதற்கு வேண்டிய அனுமதியும்தான் பிந்துகின்றன.

ஜொகூர் நீரிணையையே எடுத்துக்கொள்வோம். சிங்கப்பூர்ப் பக்கம் 1903-இல் ரயில் நீரிணைக் கரைக்கு வந்துவிட்டது. ஜொகூர்ப் பக்கம் கிமாஸிலிருந்து ஜொகூர் பாரு வரையிலான மாநில ரயில் பாதை 1904 ஒப்பந்தத்தின்படி தொடங்கி 1909-இல் முடிந்தது. இரு கரையிலும் தண்டவாளம் தயார். நடுவில் ஒரு கிலோமீட்டர் கடல் மட்டும் பாக்கி. அந்த ஒரு கிலோமீட்டரைக் கடக்க மேலும் 14 ஆண்டுகள் ஆயின. அதுவரை சரக்குப் பெட்டிகளைப் படகில் ஏற்றி அக்கரை சேர்த்தார்கள். ரப்பர் ஏற்றுமதி பெருகப் பெருகப் படகுத்துறையில் நெரிசலும் பெருகியது. பாலம் கட்டினால் செலவும் பராமரிப்பும் கட்டுப்படியாகாது என்று கணக்குப் போட்டு, கடலில் கல்லைக் கொட்டி மேடு எழுப்புவது என்ற யோசனை 1917-இல் முன்வந்தது. 1919-இல் வேலை தொடங்கியது. புலாவ் உபின், புக்கிட் தீமா குவாரிகளிலிருந்து கருங்கல் வந்து விழுந்துகொண்டே இருந்தது. 1923 செப்டம்பர் 17 அன்று கடற்பாலம் என்று பெயர் பெற்ற அந்த மேட்டின் மேல் முதல் சரக்கு ரயில் ஓடியது. அக்டோபர் 1 முதல் பயணிகள் ரயில். அதிகாரப்பூர்வத் திறப்பு விழா 1924 ஜூன் 28 அன்று நடந்தது. மரப் பாதைத் திட்டம் எந்த மலையை நோக்கிப் போனதோ அந்தக் குனோங் பூலாயின் தண்ணீரைச் சிங்கப்பூருக்குத் தர 1927-இல் ஒப்பந்தமாகி, குழாய்களும் இதே கடற்பாலத்தின் வழியே சென்றன.

இன்று ஜொகூர் பாருவையும் சிங்கப்பூரையும் இணைக்க அதே நீரிணையின் மேல் எழுந்துள்ள ஆர்டிஎஸ் ரயில் பாதையின் நீளம் நான்கு கிலோமீட்டர். அதைப் பற்றி இரு நாடுகளும் 2010-இல் பேசின. 2018-இல் ஒப்பந்தம் செய்தன. 2019-இல் திட்டம் நிறுத்திவைக்கப்பட்டது. 2020 ஜூலையில் மறுபடி தொடங்கியது. காத்திருப்பின் கால அளவில் நூறு ஆண்டுக்கு முந்தைய கதையோடு இது நன்றாகவே போட்டி போடுகிறது.

இந்தப் பாதைகளுக்கு உழைத்தவர்களின் பெயர்கள் திறப்பு விழாக் கல்வெட்டுகளில் இல்லை. மலாயாவின் ரயில்வேயிலும் பொதுப்பணித் துறையிலும் சிலிப்பர் கட்டை சுமந்தவர்கள், சல்லி கொட்டியவர்கள், சாலைக்குக் கல் உடைத்தவர்களில் பெரும் பகுதியினர் தமிழர்கள். நிலையப் பொறுப்பிலும் கணக்கு வேலையிலும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். ஒரு திட்டம் மழையால் நின்றால், கல் வராமல் நின்றால், பண ஒதுக்கீடு வராமல் நின்றால், அந்த நாட்களின் கூலி இழப்பு முதலில் இவர்கள் தலையில்தான் விழுந்தது. தாமதத்தின் வரலாறு எழுதப்பட வேண்டும் என்பதற்கு இதைவிட வலுவான காரணம் வேண்டியதில்லை.

மின்சாரத்தில் ஓடும் வண்டிக்கு வழி செய்வதில் உள்ள சிக்கல் தமிழர்களுக்குப் புதியதும் அல்ல. 1895-இல் சென்னையில் ஓடத் தொடங்கிய டிராம்தான் இந்தியாவின் முதல் மின்சார டிராம். தொடக்கத்தில் அதற்கான மின்சாரம் தரைக்கடியில், தண்டவாளங்களுக்கு நடுவே இருந்த கால்வாய் வழியே சென்றது. பருவமழை வந்து அந்தக் கால்வாயில் தண்ணீரை நிரப்பியது. பின்னர் தெருவெங்கும் தூண் நட்டு, கம்பியைத் தலைக்கு மேலே கொண்டுபோக வேண்டியதாயிற்று. டிராம் வண்டியில் எந்தக் குறையும் இருக்கவில்லை.

ஜொகூரின் தோட்டப்புறங்களில் மின்சாரத்துக்கான காத்திருப்பு இன்னும் நீண்டது. குளுவாங், சிகாமட், கூலாய் வட்டாரங்களின் ரப்பர், செம்பனைத் தோட்டங்களில் லயத்து வீடுகளுக்கு மண்ணெண்ணெய் விளக்குதான் நெடுங்காலம் துணை. பிறகு பல தோட்டங்களில் ஜெனரேட்டர் வந்தது. அதுவும் மாலையில் சில மணி நேரம் ஓடி, படுக்கும் வேளையில் நின்றுவிடும். மத்திய மின்சார வாரியம் 1949-இல் அமைந்து, தேசிய மின்சார வாரியமாகி, 1990-இல் தெனாகா நேஷனல் ஆனது. அந்த நாற்பது ஆண்டுகளில் உயரழுத்தக் கம்பிகள் எத்தனையோ தோட்டங்களைத் தாண்டிச் சென்றன. தோட்டத் தொழிலாளர் குடியிருப்புக்கு மின்சாரமும் குழாய்த் தண்ணீரும் தர வேண்டும் என்ற கடமையைத் தோட்ட நிர்வாகங்கள் மேல் வைத்த குறைந்தபட்ச வசதிகள் சட்டமும் 1990-இல்தான் வந்தது. கம்பி பக்கத்தில் போகிறது என்பதாலேயே வீட்டில் விளக்கு எரிந்துவிடாது என்பதை அந்த மக்கள் அனுபவித்தே அறிந்தவர்கள்.

சார்ஜிங் நிலையத்தின் சிக்கலும் இதே இடத்தில்தான் இருக்கிறது. ஜொகூரில் மின் உற்பத்திக்குக் குறைவில்லை. பொந்தியான் மாவட்டத்துத் தஞ்சோங் பின் நிலக்கரி மின்நிலையத்தின் திறன் மட்டுமே 2,100 மெகாவாட். குறை இருப்பது கம்பியின் கடைசி முனையில். தங்காக்கில் உள்ளது போன்ற 180 கிலோவாட் சார்ஜர் முழுத் திறனில் ஓடும்போது, தலைக்கு ஒரு கிலோவாட் இழுக்கும் 180 ஏர்கோன்களை ஒரே நேரத்தில் போட்டதற்குச் சமம். பெட்ரோல் நிலையமோ பேரங்காடியின் கார் நிறுத்துமிடமோ கட்டப்பட்டபோது இந்தச் சுமையை யாரும் நினைத்திருக்கவில்லை. எனவே பல இடங்களில் 11,000 வோல்ட் மின்சாரத்தை 400 வோல்ட் அளவுக்கு இறக்கும் துணைமின் நிலையம் ஒன்றைப் புதிதாகக் கட்ட வேண்டியிருக்கிறது. அதற்கு ஓர் அறையளவு நிலம் வேண்டும். மின்மாற்றியும் ஸ்விட்ச் கியரும் வர வேண்டும். சாலையோரம் பள்ளம் தோண்டிக் கேபிள் புதைக்க, சாலை யாருடையதோ அவரிடம் அனுமதி பெற வேண்டும்.

காகித வேலை தனி. நிலத்துக்காரருடன் ஒப்பந்தம், ஊராட்சி மன்றத்தின் திட்ட அனுமதி, தெனாகாவிடம் மின்சுமைக்கான விண்ணப்பம், இணைப்புக் கட்டணம், தீயணைப்பு மீட்புத் துறையின் பாதுகாப்பு விதிகள், எரிசக்தி ஆணையத்தின் உரிமம். இவற்றில் பல, ஒன்று முடிந்தால்தான் அடுத்தது என்று சங்கிலியாகக் கோக்கப்பட்டவை. சார்ஜர் இயந்திரத்தைக் கான்கிரீட் மேடையில் நிறுத்திப் போல்ட் முடுக்கும் வேலை இவை எல்லாவற்றிலும் சிறியது. இயந்திரம் வந்து நின்று, பிளாஸ்டிக் உறையும் பிரிக்கப்படாமல், மின் இணைப்புக்காகக் காத்திருக்கும் தளங்கள் உருவாவது இதனால்தான்.

ஆண்டு வரிசையைப் பார்த்தாலே பிந்தியது எது என்று விளங்கும். நாட்டின் குறைந்த கார்பன் போக்குவரத்துத் திட்டம் 2021-இல் வந்தது. 2025-க்குள் 10,000 பொதுச் சார்ஜர்கள், அவற்றில் 1,000 விரைவு வகை என்று இலக்கு வைத்தது. 2022 ஜனவரி 1 முதல் இறக்குமதி மின்சாரக் கார்களுக்கு வரி விலக்கு கிடைத்தது. சார்ஜர் இருக்கும் கார் நிறுத்துமிடத்தை எப்படித் திட்டமிட்டு அனுமதிப்பது என்று ஊராட்சி மன்றங்களுக்கான வழிகாட்டியை வீடமைப்பு, ஊராட்சித் துறை அமைச்சு 2023-இல்தான் வெளியிட்டது. காருக்கான கதவு திறந்த அடுத்த ஆண்டு சார்ஜருக்கான விதி வருகிறது. 2021-இல் சில நூறாக இருந்த ஆண்டு மின்சாரக் கார் விற்பனை 2024-இல் 14,000-ஐத் தாண்டியது. அந்த 2024 முடிவில் நாட்டில் இயங்கிய பொதுச் சார்ஜர்கள் 4,000-ஐ எட்டவில்லை. அந்த டிசம்பரிலேயே மலேசியக் கார் நிறுவனமான புரோட்டோன் தன் முதல் மின்சாரக் காரான இ.மாஸ் 7-ஐச் சந்தைக்குக் கொண்டுவந்து, நடுத்தரக் குடும்பங்களையும் வரிசையில் சேர்த்தது.

ஜொகூருக்கு இந்தச் சுமை இரட்டிப்பு. சிங்கப்பூரில் 2024-இல் புதிதாகப் பதிவான கார்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று மின்சாரக் கார். அவை வார இறுதியிலும் பள்ளி விடுமுறையிலும் கடற்பாலத்தையும் இரண்டாவது இணைப்புப் பாலத்தையும் தாண்டி வருகின்றன. தீபாவளிக்கும் நோன்புப் பெருநாளுக்கும் ஊர் திரும்பும் உள்ளூர்க் குடும்பங்களும் அதே நெடுஞ்சாலையில்தான் போகின்றன. ஒரு சார்ஜர் பழுதானால் அல்லது ஒரு நிலையம் சொன்ன மாதத்தில் திறக்காமல் போனால், அதை நம்பிக் கிளம்பியவர் அடுத்த ஊர் வரை மின்கலக் கணக்கைப் பார்த்துப் பார்த்து ஓட்ட வேண்டும்.

தாமதமான மின்பாதை முடிவில் என்ன தரும் என்பதற்கும் ஜொகூரிலேயே உதாரணம் இருக்கிறது. கிமாஸிலிருந்து ஜொகூர் பாரு வரை 192 கிலோமீட்டர் இரட்டை மின்ரயில் பாதை 2018-இல் தொடங்கி 2021-இல் முடிவதாக இருந்தது. பெருந்தொற்று உட்படப் பல தடைகளால் தேதி தள்ளிக்கொண்டே போயிற்று. அந்த ஆண்டுகளில் பெரும்பகுதி, வடக்கிலிருந்து வருபவர்கள் மின்ரயிலை விட்டுக் கிமாஸில் இறங்கி, மூட்டை முடிச்சோடு டீசல் ரயிலுக்கு மாறினார்கள். 2025 டிசம்பரில் கோலாலம்பூரிலிருந்து ஜொகூர் பாரு வரை இடிஎஸ் மின்ரயில் நேராக ஓடியது. 1909-இல் நீராவி ரயில் வந்த அதே தடம்தான்.

அந்த ரயில் பாதைக்கு நாள்தோறும் செய்தியாளர்கள் கணக்குக் கேட்டார்கள். நாடாளுமன்றத்தில் பதில் சொல்ல அமைச்சர் இருந்தார். சார்ஜிங் நிலையங்களுக்கு அப்படி ஆள் இல்லை. அவை சிறியவை, சிதறிக் கிடப்பவை, பெரும்பாலும் தனியாருடையவை. ஒன்று ஆறு மாதம் பிந்தினால் அது எந்த மேசையில் நின்றது என்று ஊருக்குத் தெரிவதில்லை. மலேசியாவில் கட்டுமானத் தளங்களின் முன்னால் உரிமையாளர், குத்தகையாளர், பொறியாளர் பெயரோடு அறிவிப்புப் பலகை வைப்பது வழக்கம். சார்ஜிங் நிலையத் தளத்துப் பலகையில் இன்னும் நான்கு வரி சேர்க்கலாம்: ஊராட்சி மன்றத்தில் விண்ணப்பித்த தேதி, அனுமதி கிடைத்த தேதி, மின் இணைப்புக்கு மனுச் செய்த தேதி, இணைப்பு வந்த தேதி. ஜொகூர் மாநில அரசும் அதன் ஊராட்சி மன்றங்களும் மனம் வைத்தால் இதைத் தொடங்கிவிடலாம். தங்காக்கிலோ பாகோவிலோ காரை நிறுத்தி இறங்குகிறவர் அந்த நான்கு தேதிகளைப் படித்தாலே எந்த அலுவலகத்தில் எத்தனை மாதம் போயிற்று என்று தானே கணக்குப் பார்த்துக்கொள்வார்.