பாக்குத் தோப்பில் ஒரு நாடகசாலை

கர்நாடகத்தில், சிவமொக்கா ஜில்லா சாகரத்திலிருந்து ஏழெட்டுக் கிலோமீட்டர் தள்ளி ஹெக்கோடு என்று ஓர் ஊர். சுற்றிலும் பாக்குத் தோட்டங்கள், இடையிடையே வீடுகள். ஜோக் அருவி பார்க்கப் போகிறவர்கள் இந்த ஊரைக் கவனிக்க நியாயமில்லை. ஆனால் நாடகத்தில் கொஞ்சம் அக்கறை உள்ளவர்களுக்கு இதன் பெயர் தெரிந்திருக்கும்.

1949-ல் இங்கே ஒரு நாடக சங்கம் தொடங்கினார்கள். நீலகண்டேஸ்வர நாட்டிய சேவா சங்கம் என்று பெயர். சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்குகிறது என்றோ என்னவோ, முதல் எழுத்துக்களைச் சேர்த்து 'நீநாசம்' ஆக்கிவிட்டார்கள். தமிழ்க் காதுக்குச் சாபம் மாதிரி ஒலிக்கும். என்ன செய்வது, கன்னடத்தில் அப்படி இல்லையே!

இம்மாதிரிச் சங்கங்களின் ஜாதகம் நமக்குத் தெரியும். இரண்டு வருஷம் உற்சாகமாக நாடகம் போடுவார்கள். ராஜபார்ட்டுக்கு வெளியூரில் உத்தியோகம் கிடைக்கும். திரைச்சீலை யார் வீட்டுப் பரணிலாவது போய்ச் சேரும். ஹெக்கோட்டில் அப்படி நடக்காததற்கு முக்கியமான காரணம் கே. வி. சுப்பண்ணா. 1932-ல் பாக்குத் தோட்டக் குடும்பத்தில் பிறந்தவர். மைசூரில் படித்துவிட்டு, பட்டணத்தில் தங்காமல் ஊருக்கே திரும்பினார்.

1972-ல் ஊருக்கு ஒரு நாடக அரங்கம் வந்தது. அதற்கு நாவலாசிரியர் சிவராம காரந்தின் பெயரைச் சூட்டினார்கள். (நாவல் எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு இதில் ஒரு சின்ன சந்தோஷம்.) மறுவருஷம் திரைப்படச் சங்கம். சத்யஜித் ராயையும் குரோசாவாவையும் தோட்டக்காரர்களும் கூலிக்காரர்களும் உட்கார்ந்து பார்த்தார்கள்.

'கிராமத்தானுக்கு இதெல்லாம் புரியுமா?' இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்களிடம் எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு: இவர்களுக்குப் புரிந்ததா? ராத்திரி முழுக்க யக்ஷகானம் பார்த்து, விடிந்த பிறகும் கர்ணன் செய்தது சரியா தப்பா என்று வாதாடுகிற ஜனங்கள் அவர்கள். கதை கேட்கிற பயிற்சி நம்மைவிட அவர்களுக்கு அதிகம். எளிமைப்படுத்துகிறேன் பேர்வழி என்று நாம் கொடுக்கிற நீர்மோர்தான் அவர்களை அவமதிக்கிறது.

1980-களில் இந்த ஸ்தாபனத்தார் வடகன்னட ஜில்லாவில் மஞ்சிகேரிக்குப் போனார்கள். அங்கே காட்டோரமாக சித்திகள் வாழ்கிறார்கள். முன்னொரு காலத்தில் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் சந்ததி. நைஜீரியாக்காரரான சினுவா அச்செபேயின் நாவலைக் கன்னட நாடகமாக்கி, சிதம்பர ராவ் ஜம்பேயின் இயக்கத்தில், அந்த ஜனங்களையே நடிக்க வைத்தார்கள். மறந்துபோன கண்டத்தின் கதையை இன்னொரு பாஷையில் தம் வாயாலேயே சொல்லும்போது அவர்களுக்கு என்ன தோன்றியிருக்கும்? நானும் எத்தனையோ நாள் யோசித்துப் பார்த்துவிட்டேன். என் கற்பனைக்கு எட்டவில்லை.

1980-ல் நாடகப் பள்ளி தொடங்கியது. 1985-ல் 'திருகாட்ட' என்ற நடமாடும் நாடகக் குழு. ஊர் ஊராகத் திரிவது என்று அர்த்தம். ஷேக்ஸ்பியரும் காளிதாசனும் லாரியேறினார்கள். 1991-ல் சுப்பண்ணாவுக்கு மாக்ஸேஸே பரிசு கிடைத்தது. பட்டணத்துக்காரர்கள் ஹெக்கோட்டுக்கு வழி விசாரித்தது பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் இருக்கும்.

பயிற்சி பெற்றவர்களில் சிலர் சினிமாவுக்கும் டெலிவிஷனுக்கும் போய்விட்டார்கள். அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வயிறு எல்லோருக்கும் இருக்கிறது. 2005-ல் சுப்பண்ணா காலமானார். ஜாதகப்படி அத்துடன் கதை முடிந்திருக்க வேண்டும். ஆனால் அவர் மகன் அட்சரா பொறுப்பை எடுத்துக்கொண்டார். மழைக்காலம் கழிந்ததும் நாடகங்களுடன் குழு மறுபடி ஊர் ஊராகப் புறப்பட்டது.