பொருள் கேட்ட வாசகர்கள்



இலக்கிய வரலாறு என்று நாம் படித்ததெல்லாம் எழுதியவர்களின் வரலாறு. வாசித்தவர்களின் வரலாற்றுக்கு அதில் இடம் குறைவு. ஆனால் ஒடுக்கப்பட்டவர்களின் கவிதையும் கதையும் பிழைத்ததோ புதைந்ததோ பெரும்பாலும் வாசித்தவர்கள் கையில்தான் இருந்தது. ஆகவே இந்த நினைவுரையில் எழுதியவர்களை விட்டுவிட்டு, அந்த எழுத்துக்கு மற்றவர்கள் எப்படி முகங்கொடுத்தார்கள் என்பதைப் பேச விரும்புகிறோம். மௌனம், இரக்கம், கேள்வி என்று மூன்று விதமாக அது நடந்திருக்கிறது.

முதலில் மௌனம். 1855-இல் புனேயில், பூலே இணையர் நடத்திய பள்ளியில் படித்த முக்தாபாய் என்னும் மாங் சாதிச் சிறுமி, மகர், மாங் மக்களின் துயரம் பற்றி மராத்தியில் ஒரு கட்டுரை எழுதினார். 'ஞானோதயா' இதழ் அதை வெளியிட்டது. தன் மக்கள் ஏன் இப்படி நடத்தப்படுகிறார்கள் என்று அந்தச் சிறுமி மதத்தையும் கடவுளையும் நிறுத்திக் கேட்டார். அவர் எழுதியதாக இன்று நம் கையில் இருப்பது அந்த ஒரு கட்டுரைதான். கேட்ட கேள்விக்கு ஊர் திரும்பிப் பேசியிருந்தால் இரண்டாவது கட்டுரை வந்திருக்கும் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

நம் பக்கத்திலும் அதே கதை உண்டு. 1907 ஜூன் 19-இல் சென்னை இராயப்பேட்டையிலிருந்து அயோத்திதாசப் பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழன்' வார இதழைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே அது 'தமிழன்' ஆயிற்று. 1914-இல் கண்மூடும்வரை வாரந்தோறும் எழுதினார். அந்த எழுத்துகள் பெரும் தொகுப்பாக ஞான. அலாய்சியஸ் முயற்சியில் பாளையங்கோட்டையிலிருந்து வெளிவந்தது 1999-இல். இடையில் 85 ஆண்டுகள். தமிழ் இதழியலின் வரலாறும் தமிழ்ப் பவுத்தத்தின் வரலாறும் அந்த ஆண்டுகளில் அவர் பெயரை ஏறக்குறைய சொல்லாமலே எழுதப்பட்டன.

ஆனால் அந்த மௌனத்துக்குள்ளும் வாசகர்கள் இருந்தார்கள். கோலார் தங்கவயலில் பூமிக்கடியில் வேலை செய்த நம் மக்கள் 'தமிழ'னை வாங்கினார்கள். கூடி வாசித்தார்கள், சந்தேகம் கேட்டு எழுதினார்கள். பண்டிதர் இதழிலேயே பதில் சொன்னார். அவர் இறந்த பிறகு அவருடைய எழுத்துகளைச் சிறு நூல்களாக அச்சிட்டதும் தங்கவயல் பவுத்தர்கள்தாம். அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் பழைய தாள்களைச் செல்லரிக்கவிடாமல் காத்து வைத்திருந்தார்கள். அவர்கள் யாரும் விமர்சகர் என்று பெயர் எடுத்தவர்கள் அல்லர். எழுத்தைத் தம்முடையதாக நினைத்தவர்கள். 1999-இன் தொகுப்பு அவர்கள் போட்ட அடித்தளத்தின் மேல் எழுந்தது.

இரண்டாவது இரக்கம். இதை எதிர்கொள்வது மௌனத்தை எதிர்கொள்வதைவிடக் கடினம். ஏனெனில் இரக்கப்படுகிறவர் நல்லவர்.

முல்க் ராஜ் ஆனந்தின் 'தீண்டத்தகாதவன்' நாவல் 1935-இல் லண்டனில் வெளிவந்தது. பாக்கா என்னும் துப்புரவுத் தொழிலாளியின் ஒரு நாளைச் சொல்லும் கதை. 19 பதிப்பகங்கள் திருப்பி அனுப்பிய அந்தக் கையெழுத்துப் படி அச்சேறியதற்கு ஈ. எம். ஃபார்ஸ்டர் எழுதிக்கொடுத்த முன்னுரை ஒரு முக்கியக் காரணம். நாவலின் 'அழுக்கை' அருவருத்த ஆங்கில வாசகர்களிடம், அழுக்கு நாவலில் இல்லை என்று அவர் வாதாடினார். அந்த நேர்மையை நாம் மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அதே முன்னுரையில், இந்த நாவலை ஒரு தீண்டத்தகாதவரால் எழுதியிருக்க முடியாது என்றும் அவர் சொன்னார். ஆத்திரமும் தன்னிரக்கமும் அவரை மூழ்கடித்திருக்கும் என்பது ஃபார்ஸ்டர் கண்ட காரணம்.

ஆண்டுகளைக் கவனியுங்கள். அவர் அப்படி எழுதியபோது முக்தாபாயின் கட்டுரைக்கு வயது 80. இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' இதழைத் தொடங்கி 42 ஆண்டுகள் ஆகியிருந்தன. 'ஒரு பைசாத் தமிழன்' வந்து 28 ஆண்டுகள். லண்டனிலேயே படித்துப் பட்டம் பெற்ற அம்பேத்கர் நூல்கள் எழுதிக்கொண்டிருந்தார். எழுத முடியாது என்று சொல்லப்பட்டவர்கள் எழுதி முடித்துவிட்டிருந்தார்கள். நமக்காகக் கண்ணீர்விட்டவரும் நமக்கு வாய் உண்டு என்பதை எண்ணிப்பார்க்கவில்லை. இரக்கத்தின் எல்லை அங்கே இருக்கிறது. அது துயரத்தைப் பார்க்கும். துயரப்படுகிறவரின் அறிவைப் பார்க்காது.

மூன்றாவது கேள்வி. 1970களின் தொடக்கத்தில் நாம்தேவ் தசாலின் 'கோல்பிதா' கவிதைத் தொகுப்பு மராத்தியில் வந்தது. தசால் மகர் சாதியில் பிறந்தவர், பம்பாயில் டாக்சி ஓட்டியவர், 1972-இல் தலித் பேந்தர்ஸ் இயக்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். கோல்பிதா என்பது பம்பாயில் பாலியல் தொழில் நடக்கும் பகுதி. அந்தத் தெருவின் சொற்களிலேயே அவர் எழுதினார். தொகுப்புக்கு முன்னுரை எழுதியவர் நாடகாசிரியர் விஜய் தெண்டுல்கர். மராத்தி எழுத்துலகில் பெரிய பெயர், மேல்சாதியில் பிறந்த நடுத்தர வர்க்கத்தவர்.

அவர் செய்ததை இன்றைய வாசகர்கள் அறிய வேண்டும். தன் தாய்மொழியில் எழுதப்பட்ட கவிதைகளில் தனக்குப் புரியாத சொற்கள் நிறைய இருப்பதை அவர் ஒப்புக்கொண்டார். அகராதியைத் தேடிப் போகாமல் கவிஞரிடமே போய்ப் பொருள் கேட்டார். தசாலோடு சேர்ந்து அந்தத் தெருக்களில் நடந்தார். 'உன் வலி எனக்குத் தெரியும்' என்று சொல்லவில்லை. தனக்குத் தெரியாது என்பதிலிருந்து தொடங்கினார். தெண்டுல்கர் அந்த இடத்தில் ஆசிரியர் அல்லர், மாணவர். நூற்றாண்டுகளாக ஒரு பக்கமாகவே ஓடிய பாடம் அன்று திசை மாறி ஓடியது.

பிறர் எழுத்தோடு ஒன்றுவது என்பதைப் பழைய அழகியல்கள் வேறு மாதிரி சொல்லியிருக்கின்றன. வடமொழி மரபு சிறந்த வாசகரை 'சகிருதயர்' என்றது. ஒத்த இதயம் உடையவர் என்று பொருள். யாருடைய இதயத்தோடு ஒத்த இதயம் என்று அது கேட்டுக்கொள்ளவில்லை. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளுள் ஒன்றாக இளிவரலைச் சொல்கிறது. மூப்பு, பிணி, வருத்தம், மென்மை என நான்கு வழிகளில் அது பிறக்கும் என்கிறது. பிறப்பால் வரும் இளிவு அந்தப் பட்டியலில் தனியாக இல்லை. ஆகவேதான் சரண்குமார் லிம்பாளே, இன்பத்தை அளவுகோலாக வைத்த அழகியலைக் கொண்டு தலித் எழுத்தை அளக்க முடியாது என்று வாதிட்டார். வாசகரை நிம்மதி இழக்கச் செய்யும் எழுத்தை ரசித்தோம் என்று சொல்லி எழுந்து போக முடியாது.

இதுவரை சொன்னதில் வாசகர் பெரும்பாலும் வெளியாள். இனி நம் வீட்டுக்குள் வருவோம்.

1992-இல் பாமாவின் 'கருக்கு' வந்தது. பேச்சுத் தமிழில், ஊரையும் தெருவையும் கன்னியர் மடத்தையும் ஒளிக்காமல் எழுதிய தன்வரலாறு. அதன் மொழியைப் பார்த்து முகஞ்சுளித்த இலக்கியவாதிகள் உண்டு. ஆனால் பாமாவை அதிகம் காயப்படுத்தியது அதுவாக இருக்க முடியாது. அவருடைய சொந்த ஊரே கோபப்பட்டது. நம்மைக் கேவலப்படுத்திவிட்டாய் என்று சில மாதங்கள் அவரால் ஊருக்குள் போக முடியாமல் இருந்ததை அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். பிறகு ஊரின் இளைஞர்கள் புத்தகத்தை வாசித்தார்கள். வாசித்துவிட்டு அவரை ஏற்றுக்கொண்டார்கள். கோபத்துக்கும் ஏற்புக்கும் நடுவே நடந்தது ஒன்றுதான்: யாரோ சொன்னதை நம்பாமல், உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் படித்தார்கள்.

1994-இல் இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' வந்தது. பறையர் குடியிருப்பில் துணி வெளுத்து, வீடு வீடாகச் சோறு எடுத்து வாழும் புதிரை வண்ணார் பெண் ஆரோக்கியத்தின் கதை. பொது இலக்கிய உலகில் பெரும் பாராட்டைப் பெற்ற அந்த நாவலுக்குத் தலித் விமர்சகர்கள் சிலரிடமிருந்து கடும் எதிர்ப்பு வந்தது. உள்ளே இருக்கும் ஏற்றத்தாழ்வை இப்போது வெளியே காட்டுவது எதிராளி கையில் ஆயுதம் கொடுப்பதாகாதா என்பது எதிர்ப்பின் சாரம். போராட்டக் காலத்தில் எழுந்த அந்த அச்சத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் அம்பேத்கர் சாதியைப் படிநிலைச் சமத்துவமின்மை என்று விளக்கியது நினைவிருக்க வேண்டும். ஒவ்வொரு படியிலும் மேலே ஒருவர் இருக்கிறார், கீழே ஒருவர் இருக்கிறார். ஆரோக்கியம் நிற்கும் படியிலிருந்து பார்த்தால், சோறு போடுகிற கையும் மறுக்கிற கையும் நம்முடையவை. அந்தக் கதைக்கு நாம் தரும் பதில், மேல்சாதி வாசகரிடம் நாம் எதைக் கேட்கிறோமோ அதற்குக் குறைவாக இருக்க முடியாது.

தோழர்களே, பரிவு என்பது பிறவிக் குணம் அல்ல என்பதே இந்த வரலாறு சொல்லும் பாடம். அது உழைப்பு. தங்கவயல் தொழிலாளி அச்சுக்கூலி கொடுத்துச் செய்த உழைப்பு. தெண்டுல்கர் தெரியாத தெருவில் நடந்து செய்த உழைப்பு. பாமாவின் ஊர் இளைஞர்கள் கோபத்தை ஓரமாக வைத்துப் படித்துச் செய்த உழைப்பு.

நம் கூட்டங்களில் புதிதாக எழுத வந்த பிள்ளைகள் கவிதை வாசிக்கிறார்கள். அருமை என்கிறோம், கைதட்டுகிறோம், தேநீருக்குப் போகிறோம். கைதட்டலும் சில நேரம் மௌனத்தின் இன்னொரு வடிவம்தான். அதற்குப் பதில் ஒரு சொல்லைப் பிடித்துக் கேட்கலாம்: உங்கள் ஊரில் இந்தச் சொல்லுக்கு என்ன பொருள், யார் யாரிடம் எப்போது சொல்வார்கள்? அவர் சொல்வதை நம் கதையால் மறிக்காமல் கேட்கலாம். அந்தக் கவிதை நம்மைக் குற்றம் சாட்டினால் அதையும் இருந்து கேட்கலாம். அருந்ததியர் வீட்டுப் பெண்ணும் புதிரை வண்ணார் வீட்டுப் பையனும் இந்த மேடையில் வாசிக்கும் நாளில் அப்படிக் கேட்க நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

முக்தாபாயின் இரண்டாவது கட்டுரை நம் கையில் இல்லை. அடுத்து எழுதுகிற பிள்ளைக்கு அந்த நிலை வரக்கூடாது.

ஜெய் பீம்.