தாயற்றவர்க்குத் தாயான பண்டித ரமாபாய்

சென்னையிலிருந்து மும்பை நோக்கிச் செல்லும் இருப்புப் பாதையில், தவுண்டுக்கும் புனேக்கும் இடையே கேட்காவ் என்றொரு சிறு நிலையம் உண்டு. ஊருக்குப் போகும்போதும் வரும்போதும் நாம் அதனைக் கடந்து செல்கின்றோம்; ஆயினும் அதன் பெருமையை நம்மிற் பலர் அறியோம்.

1858-இல் பிறந்த ரமாபாய், 1870-களில் சென்னை மாகாணத்தை வாட்டிய பஞ்சத்தில் பெற்றோரை இழந்தவர். வடமொழிப் புலமையால் கல்கத்தாவில் 'பண்டிதை' எனும் பட்டம் பெற்றார். 1883-இல் இங்கிலாந்தில் கிறிஸ்தவ சமயத்தைத் தழுவினார். பசியின் கொடுமையைத் தாமே நுகர்ந்த அவர், 1896–97-இல் மத்திய மாகாணங்களில் பஞ்சம் பரவியபோது வீட்டில் இருக்கவில்லை. நேரிற் சென்று ஏறத்தாழ முந்நூறு பெண்களையும் சிறுமியரையும் அழைத்து வந்தார். அவர்கட்கெனக் கேட்காவில் எழுந்ததே முக்தி இல்லம். சோறு மட்டுமன்றி, எழுத்தும் நெசவும் அச்சுத் தொழிலும் அங்குக் கற்பிக்கப்பட்டன. 1922-இல் அவர் மறைந்தார். இல்லம் இன்றும் நிலவுகின்றது.

அன்பு முந்தியது, சட்டமோ பிந்தியது. 1956-இல் இந்துக்களுக்குத் தத்தெடுப்புச் சட்டம் வந்த பின்னரும், கிறிஸ்தவக் குடும்பத்தாருக்கு 1890-ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டமே வழியாயிருந்தது. அதன்படி வளர்த்தவர் காப்பாளரே, பெற்றோர் ஆகார். 2000-இல் இயற்றப்பெற்று 2006-இல் திருத்தப்பெற்ற சிறார் நீதிச் சட்டமே எம்மதத்தினரும் தத்தெடுக்க வழி திறந்தது. 2014-இல் உச்ச நீதிமன்றமும் அதனை உறுதிப்படுத்தியது.

வழி திறந்துள்ளது. மழலையொலி கேளாத இல்லங்கள் நம் குடியிருப்பிலும் உள. தாய்மடி காணாத மழலைகள் நாடெங்கும் உளர். அடுத்த முறை கேட்காவைக் கடக்கும்போது இதனைச் சிந்திப்போமாக.