2007: வாவி கடந்து வந்த தாய்மார்

மட்டக்களப்பில் பாடசாலை அகதி முகாமாக மாறிய ஆண்டுகள் பல. 1978 நவம்பர் சூறாவளி, 1990 இடப்பெயர்வு, 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை ஆகியவற்றை எம் மூத்த சகோதரிகள் நினைவில் வைத்திருக்கிறார்கள். 2007ஐப் பற்றிப் பேசுவோர் குறைவு. அப்போது பல்கலைக்கழக மாணவிகளாக இருந்த எம்மிற் சிலர் முகாம்களில் தொண்டு செய்தோம். ஆகவே அதை நாமே எழுதுகிறோம்.

2006 ஓகஸ்டில் மூதூர் கிழக்கு மக்கள் வாகரைக்கு ஓடிவந்தனர். நவம்பர் 8ஆம் திகதி, அவர்கள் தங்கியிருந்த கதிரவெளிப் பாடசாலையில் எறிகணைகள் விழுந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2007 ஜனவரியில் வாகரையும் வெறுமையானது. மார்ச்சில் போர் படுவான்கரைக்கு வந்தது. வெல்லாவெளி, பட்டிப்பளை, வவுணதீவு மக்கள் வாவியைக் கடந்து எழுவான்கரைக்கு வந்து சேர்ந்தனர். (மண்முனையில் அன்று பாலம் இல்லை, 2014இல்தான் வந்தது.) அம்மாத இறுதியில் மாவட்டத்தில் இடம்பெயர்ந்தோர் தொகை 150,000ஐத் தாண்டியது. குருக்கள்மடம், ஆரையம்பதி, சவுக்கடி எங்கும் தறப்பாள் கூடாரங்கள்.

எங்களிடம் தரப்பட்டவை ஒரு சீஆர் கொப்பியும் பேனையும். கூடாரம் கூடாரமாகப் போய்க் கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் ஆகியோரைப் பதிய வேண்டும். சின்ன வேலைபோலத் தோன்றும். ஆனால், 1926இல் களுத்துறையில் தொடங்கிய எமது பொதுச் சுகாதார முறையின் உயிர்நாடியே குடும்பநல உத்தியோகத்தரின் பதிவேடுதான். ஒவ்வொரு கிராமத்துக்கும் ஒரு ‘மிட்வைஃப் மிஸ்’. அவருக்குத் தன் பிரிவுத் தாய்மாரை முகம் முகமாகத் தெரியும். ஊர் கலைந்தால் அந்தத் தொடர்பு அறுந்துவிடும். எழுவான்கரை மிஸ்ஸின் பதிவேட்டில் படுவான்கரைத் தாய் இல்லை. கிளினிக் அட்டையோ வீட்டு முகட்டில் செருகியபடி அங்கேயே கிடந்தது.

அட்டை இல்லாத பெண்ணிடம் கடைசி மாதவிடாய்த் திகதியை எப்படிக் கேட்பது? “கொக்கட்டிச்சோலைத் தேருக்குப் பிறகு குளிக்கல்ல, மகள்” என்றார் ஒருவர். இன்னொருவர் வெள்ளாமை விதைப்பைக் கணக்காகச் சொன்னார். அதிலிருந்து நாங்கள் பிரசவ மாதத்தைக் கணித்தோம். குழந்தையின் இடது புயத்தில் பீசீஜீ தழும்பு இருக்கிறதா என்று தடவிப் பார்த்தோம். இன்று நவீன கருவிகளோடு கிளினிக்கில் இருக்கும்போதும், வரலாறு கேட்பதை அந்தக் கூடாரங்களில்தான் கற்றோம் என்றே சொல்வோம்.

பெண்கள் எங்களிடம் முதலில் கேட்டது மருந்தையல்ல, மறைவையும் துணியையும்தான். கிணற்றடி திறந்த வெளி. விடியுமுன்னே குளித்து முடிப்பார்கள். மாதவிடாய்த் துணியை எங்கே உலர்த்துவதென்று ஆண் அலுவலரிடம் எவரும் கேட்கவில்லை. நிவாரணப் பட்டியலை எழுதுகிற மேசையில் பெண் இருந்திருந்தால் கேட்டிருப்பார்கள். இது புதிய அறிவுமல்ல. கொழும்பு முகாம்களில் இடம்பெயர்ந்த பெண்களுக்காக 1991இல் தொடங்கி, 1993இல் மட்டக்களப்புக்கு வந்த சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையத்தார் இதை முன்னரே அறிந்திருந்தனர். எங்கள் பங்குக்கு எம் தாய்மாரின் பழைய சேலைகளைச் சேர்த்துக்கொண்டு போய்க் கிணற்றடியில் கட்டினோம்.

மே மாதம் மீள்குடியேற்றம் தொடங்கியது. வெல்லாவெளிக்குப் புறப்படுமுன் சில தாய்மார் தம் பெயருள்ள பக்கத்தைக் கிழித்துத் தரும்படி கேட்டனர். கொப்பியைச் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டியிருந்தது. அதனால் இரவிரவாக இருந்து, ஆளுக்கொரு துண்டில் பெயர், பிரசவ மாதம், போட்ட ஊசி எல்லாம் பிரதியெழுதிக் கொடுத்தோம்.