ஜாவாவில் முளைத்த வேர்

முருங்கைப் போத்தை ஒடித்து வேலியோரம் நட்டால் அது பாட்டுக்குத் துளிர்க்கும். செம்பருத்திக்குக் கொஞ்சம் தண்ணி காட்டினால் போதும். முசாண்டாவிடம் இந்தப் பாச்சா பலிக்காது. குச்சி பத்து நாள் பச்சையாக இருக்கும், சிலசமயம் ரெண்டு இலைகூட விட்டு ஆசை காட்டும், அப்புறம் அடியிலிருந்து கறுத்துப்போகும். பிடுங்கிப் பார்த்தால் ஒரு இழை வேர் இருக்காது. பூச்செடி வளர்க்கிற நண்பர்கள் பாதிப்பேர் இதைச் சொல்லிப் புலம்புவதைக் கேட்டிருக்கிறேன்.

ஏன் இப்படி என்று நோண்டப் போய்த்தான் இந்தக் கதை கிடைத்தது. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முசாண்டா ஒன்றும் நமக்கு அந்நியமில்லை. மேற்குத்தொடர்ச்சி மலைப் பக்கம் போனவர்கள் ஒரு புதரில் பச்சை இலைகளுக்கு நடுவே சுண்ணாம்பு அடித்த மாதிரி ஓரிரு வெள்ளை இலைகளைப் பார்த்திருப்பீர்கள். வெள்ளிலை என்பார்கள். அது இலையே இல்லை. பூவின் அடியில் இருக்கும் ஐந்து புல்லி இதழ்களில் ஒன்று மட்டும் பெரிதாகி வெளுத்து, பூச்சிகளைக் கூப்பிடுகிறது. நிஜமான பூ அதன் பக்கத்தில் சின்னதாக மஞ்சளாக இருக்கும்.

இதன் பிலிப்பைன்ஸ் சொந்தக்காரச் செடி ஒன்றில்தான் திருப்பம். 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அங்கே மாகிலிங் மலைக்காட்டில் ஒரு புதர் கண்ணில் பட்டது. அதில் ஒன்றுக்குப் பதில் ஐந்து புல்லிகளுமே பெரிதாகி வெள்ளைவெளேர் என்று கொத்துக்கொத்தாகத் தொங்கின. இயற்கை செய்த டைப்பிங் மிஸ்டேக் :-). அதிபர் மானுவல் கெசோனின் மனைவி பெயரால் அதற்கு 'டோன்யா அவுரோரா' என்று பெயர் வந்தது. அந்த அம்மையார் 1949 ஏப்ரலில், கணவர் பெயரிலான மருத்துவமனையைத் திறக்கப் போகும் வழியில், மகளோடும் மருமகனோடும் சுட்டுக்கொல்லப்பட்டார். செடி மட்டும் உலகம் முழுக்கப் போய்விட்டது.

எப்படிப் போனது என்பதுதான் விஷயம். இந்த மாதிரி பிறழ்வுச் செடியின் விதையைப் போட்டால் அதே பூ வரும் என்று நம்பமுடியாது. தோட்டத்தில் அது காய் பிடிப்பதே அபூர்வம். ஆக குச்சியோ பதியமோ போட்டால்தான் உண்டு. குச்சி வேர்விட மறுத்தால் அந்த மலையில் கிடைத்த அதிசயம் அந்தச் செடியோடு போச்சு. வேர் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி இங்கே வெறும் ஆராய்ச்சிக் கேள்வி இல்லை.

அந்தக் கேள்வியை 1880-களிலேயே கேட்டவர் ஜெர்மனியின் யூலியுஸ் சாக்ஸ். இலையில் ஏதோ ஒரு பொருள் உருவாகி, கீழே இறங்கி, வேரை உண்டாக்குகிறது என்றார். ஊகம்தான். பொருளைக் கையில் பிடிக்க அவரிடம் வழியில்லை.

பிடித்தவர் ஃபிரிட்ஸ் வென்ட். ஹாலந்தில் உட்ரெக்ட் ஊர்க்காரர். பகலில் ராணுவச் சேவை, ராத்திரியில் அப்பாவின் ஆய்வுக்கூடம். ஓட்ஸ் முளையின் நுனியை வெட்டி அகர் துண்டின்மேல் வைத்து, பிறகு அந்த அகரை மட்டும் தலையில்லாத முளையில் ஒட்டினார். முளை வளர்ந்து வளைந்தது! 1926 ஏப்ரலில், விடிகாலை மூணு மணிக்கு, இருபத்திரண்டு வயசுப் பையன் வீட்டுக்கு ஓடி அப்பாவை எழுப்பியிருக்கிறான். பேராசிரியரான அப்பா, பகலில் இன்னொருதரம் செய்து காட்டு, நிஜமென்றால் அப்போதும் வரும் என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போனாராம். கோட் ரிவ்யூ என்றால் இப்படித்தான் இருக்கணும்.

அடுத்து வென்ட் போனது ஜாவாவுக்கு. நம்ம தொழில்காரர்கள் அவசரப்படவேண்டாம், இது தீவு ஜாவா. டச்சுக்காரர்களின் பாய்டன்சோர்க் தாவரவியல் பூங்கா, இன்றைய போகோர். அங்கே அவர் கையில் எடுத்தது அக்காலிஃபா. சிவப்பாகப் பூனைவால் மாதிரி பூ தொங்குமே, அந்த வகையறா. நம்ம குப்பைமேனிக்கும் பங்காளி. இலையின் சாற்றை எடுத்து அக்காலிஃபா, பப்பாளித் தண்டுகளில் கொடுத்துப் பார்த்தார். வேர் வந்தது. 1929-ல் இது வெளியானது. சாக்ஸின் ஊகத்துக்கு அரை நூற்றாண்டு கழித்து சாட்சி சொன்னவை வெப்பமண்டலச் செடிகள். வேர்ப்பொடியின் வரலாற்றை ஐரோப்பிய ஆய்வுக்கூடத்தோடு முடித்துவிடுகிறவர்கள் இதை ஒரு வரியில் தாண்டிப்போவது எனக்குப் பிடிக்கவில்லை.

பிறகு எல்லாம் வேகம். 1934-ல் உட்ரெக்டில் சிறுநீரிலிருந்து (ஆமாம், அதிலிருந்துதான்) இண்டோல் அசிட்டிக் அமிலத்தைப் பிரித்தார்கள். மறுவருஷமே அதுவும் வேரைத் தூண்டும் பொருளும் ஒன்றே என்று கலிஃபோர்னியாவில் கென்னத் திமன் குழு காட்டியது. அதே 1935-ல் அமெரிக்காவின் பாய்ஸ் தாம்ப்சன் நிலையத்தில் சிம்மர்மனும் வில்காக்ஸனும் இண்டோல் பியூட்ரிக் அமிலம் இன்னும் நன்றாக வேலை செய்வதைக் கண்டார்கள். இன்று கடையில் ஐ.பி.ஏ. என்று விற்கிற பொடி அதுதான்.

அப்போ முசாண்டா? பொடியைத் தொட்டு நட்டும் பல குச்சிகள் சாகின்றன. வென்ட்டும் பெல்ஜியத்துக்காரர் பூயென்னும் 1933-லேயே இலை, மொட்டு, விதையிலைகளிலிருந்து வேருக்கென்றே ஒரு பொருள் வருகிறது என்று சொல்லி, ரைசோகலின் என்று பேரும் வைத்தார்கள். ஆக்ஸின் கிடைத்ததும் கேஸ் முடிந்தது என்று தோன்றியது. முடியவில்லை. ஆக்ஸினைக் கொட்டினாலும் அசையாத செடிகள் இருக்கின்றன, இன்னும் ஏதோ வேணும். ரைசோகலின் என்று தனியாக ஒன்றை யாரும் பிரித்தெடுக்கவே இல்லை.

ஆனால் இலையை விடாதே என்ற பாடம் மட்டும் பலித்தது. முசாண்டாவில் முற்றாத நுனிக்குச்சியை இலையோடு நட்டு, ஐ.பி.ஏ. தொட்டு, இலை வாடாமல் பனிமூட்டம் மாதிரி தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தால் வேர் வருகிறது. அந்த வசதி இல்லாதவர்களுக்கு விண்பதியம். பட்டையை வளையமாக உரித்துவிட்டால் இலையிலிருந்து இறங்குகிற சரக்கு எல்லாம் வெட்டுக்கு மேலேயே தேங்கும். உள்கட்டை வழியாகத் தண்ணீர் மேலே போய்க்கொண்டே இருக்கும். ஈரப்பாசி வைத்துக் கட்டிவிட்டால் கிளை தாயோடு இருந்தபடியே வேர்விடும்.

எங்க ஏரியா நர்சரிக்காரர் குச்சி நடும்போது நுனியில் ரெண்டு இலையை விட்டு, அதையும் கத்தரியால் பாதியாக நறுக்குவார். ஏண்ணே பாதி என்று கேட்டேன். "முழுசா விட்டா தண்ணிய இழுத்துச் செத்துடும் தம்பி, மொத்தமா எடுத்துட்டா வேரு வராது."