காலனி ஆட்சியில் முஸ்லிம் பெண்ணின் வாரிசுரிமை

மேட்டூர் அணையின் நீர்மட்டம் வெகுவாக இறங்கும் காலங்களில், பண்ணவாடிப் பகுதியில் பழைய நந்தி சிலையும் தேவாலயக் கோபுரமும் நீருக்கு மேலே தெரியும். 1925-இல் தொடங்கி 1934-இல் முடிந்த அணைக்காக மூழ்கிய ஊர்களின் எச்சங்கள் அவை. ஆங்கிலேயர் ஆட்சி நிலத்தை எவ்வாறு மாற்றியது என்பதை இப்பகுதி மக்கள் கண்ணாரக் காண்கின்றனர். அதே ஆட்சியில் நிலத்தின் மீது பெண்ணுக்குரிய பங்கு என்னவாயிற்று என்பதையும் நம் குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டும்.

பெற்றோரும் உறவினரும் விட்டுச் சென்றதில் ஆண்களுக்குப் பங்கு இருப்பது போலவே பெண்களுக்கும் பங்கு உண்டு என்றும், சொத்து சிறிதாயினும் பெரிதாயினும் அது விதிக்கப்பட்ட பங்கு என்றும் திருக்குர்ஆனின் அந்நிஸா அத்தியாயம் (4:7) கூறுகிறது. மணமகளின் மஹரும் அவளுக்கே உரியது. இங்கிலாந்திலோ, திருமணமான பெண் தன் பெயரில் தனிச்சொத்து வைத்துக்கொள்ளும் முழு உரிமையை 1882-ஆம் ஆண்டுச் சட்டமே அளித்தது. அந்நாட்டிலிருந்து வந்தவர்களே இங்கு நீதிமன்றங்களை அமைத்தனர்.

திருமணம், வாரிசுரிமை ஆகியவற்றில் முஸ்லிம்களுக்குக் குர்ஆனின் சட்டமே பொருந்தும் என்று 1772-இல் வாரன் ஹேஸ்டிங்ஸ் வகுத்த திட்டம் கூறியது. நடைமுறையில் "வழக்கம்" என்ற ஒரு வாசலும் திறந்தே இருந்தது. 1847-இல் பம்பாயில் கோஜா சமூகப் பெண்கள், தந்தையின் சொத்தில் குர்ஆன் வழங்கிய பங்கைக் கேட்டு வழக்குத் தொடுத்தனர். மகளுக்குப் பங்கில்லை என்பதே அச்சமூகத்தின் வழக்கம் எனக் கூறி, நீதிபதி எர்ஸ்கின் பெர்ரி அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தார். பஞ்சாபில் 1872-ஆம் ஆண்டுச் சட்டம் வழக்கத்திற்கே முதலிடம் தந்தது. 1873-ஆம் ஆண்டின் சென்னை சிவில் நீதிமன்றச் சட்டம் முஸ்லிம் சட்டத்தை ஏற்றபோதிலும், சட்ட வலுவுள்ள வழக்கத்திற்கும் இடம் வைத்தது. இவ்வாறு மார்க்கம் தந்த உரிமையை ஊர்வழக்கம் பறிக்க, நீதிமன்றம் அதற்கு முத்திரை இட்டது.

இதை மாற்ற வந்ததே 1937-ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டம். வழக்கச் சட்டத்தின்கீழ் முஸ்லிம் பெண்களின் நிலை இழிவானது என்று அம்மசோதாவின் நோக்கவுரையே கூறிற்று. முஸ்லிம் பெண்கள் அமைப்புகளின் கண்டனத்தையும் அது எடுத்துக்காட்டியது. ஆயினும் அச்சட்டத்தில் ஒரு விலக்கு இருந்தது: விவசாய நிலம். 1935-ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டப்படி விவசாய நிலத்தின் வாரிசுரிமை மாகாணங்களின் அதிகாரத்தில் இருந்ததால், மத்திய சட்டசபை அதில் கைவைக்க இயலவில்லை. வீட்டிலும் நகையிலும் மகளுக்கு உறுதியான பங்கு. வயலில் மட்டும் பழைய வழக்கம் தொடர இடம். சேலம், நாமக்கல் சமவெளி போன்ற வேளாண் பகுதிகளில் சொத்து என்றாலே நிலம்தான் என்பதை நினைத்தால், அவ்விலக்கின் கனம் புரியும்.

விடுதலைக்குப் பின், 1949-இல் சென்னை மாகாணச் சட்டம் அவ்விலக்கை நீக்கி, விவசாய நிலத்தையும் ஷரீஅத் சட்டத்தின்கீழ்க் கொண்டுவந்தது. சென்னையை அடுத்த ஒரு தர்காவின் வருமானத்தில் பெண்களுக்குப் பங்கில்லை என்று வழக்கத்தைக் காட்டி வாதிடப்பட்ட வழக்கில், 1961-இல் உச்ச நீதிமன்றம் இச்சட்டங்களையே அடிப்படையாகக் கொண்டு அவ்வாதத்தை நிராகரித்தது.

திருமண விஷயத்திலும் இதே கதைதான். கணவன் காணாமற் போனாலும், பராமரிக்காமல் கைவிட்டாலும், ஹனஃபி மத்ஹபின்படி மண முறிவு பெற நீதிமன்றங்களில் வழியில்லாதிருந்தது. அதனால் மார்க்கத்தையே துறந்து மணபந்தத்தை முறித்த பெண்களும் இருந்தனர். இந்நிலை கண்டு மௌலானா அஷ்ரஃப் அலீ தானவி மாலிகி மத்ஹபின் தீர்வை எடுத்துக்காட்டினார். அதன் தொடர்ச்சியாக வந்ததே 1939-ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம். நான்காண்டு கணவனைப் பற்றித் தகவலின்மை, ஈராண்டு பராமரிப்பின்மை முதலிய காரணங்களால் மனைவி நீதிமன்றத்தை நாட அது வழி செய்தது.

இன்று காலனி ஆட்சியும் இல்லை. சட்டத்தின் தடையும் இல்லை. எனினும் சார்பதிவாளர் அலுவலகத்தில் சகோதரிகள் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்திடும் காட்சியை நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். "கல்யாணத்திற்கு நகை போட்டோம், சீர் செய்தோம், அதுவே அவள் பங்கு" என்கிறோம். தந்தை வாழும்போது கொடுத்தது அன்பளிப்பு. வாரிசுரிமை பிறப்பதோ அவர் இறந்த பின்னர்தான். ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது. பங்கு எவ்வளவு என்று அறிந்து, அது கையில் வந்த பிறகு மனமுவந்து ஒரு சகோதரி விட்டுக்கொடுத்தால் அது அவளது பெருந்தன்மை. கேட்டால் பிறந்த வீட்டு உறவு அறுந்துவிடுமோ என்று அஞ்சி இடும் கையெழுத்தை அவ்வாறு சொல்ல முடியுமா?

ஜனாஸா முடிந்து, கடனும் வஸிய்யத்தும் நிறைவேற்றப்பட்டதும், ஆலிம் ஒருவரை அழைத்து எல்லா வாரிசுகளின் முன்னிலையிலும் கணக்கிடுவோம். வாரிசுச் சான்றிலும் பட்டாவிலும் மகள்களின் பெயர் விடுபடாமல் பார்த்துக்கொள்வோம். 1847-இல் அப்பெண்கள் நீதிமன்றப் படியேறிக் கேட்டும் கிடைக்காத பங்கு, நம் வீட்டுப் பெண்களுக்குக் கேளாமலே கிடைக்கட்டும். அதற்கான மனவலிமையை அல்லாஹ் நம் அனைவருக்கும் வழங்குவானாக. ஆமீன்.